புழுவா, உணவின் மிச்சமா?

செரிக்காமல் மலத்தில் வெளியேறும் உணவுத் துணுக்குகள் சில நேரம் குடல்புழுவாகவோ அதன் முட்டையாகவோ கருதப்பட்டுவிடுகின்றன. இவற்றை மருத்துவர்கள் போலி ஒட்டுண்ணிகள் என்பார்கள்.

வெறும் கண்ணை ஏமாற்றுவதில் வாழைப்பழம் முன்னிற்கிறது. அதன் நடுத்தண்டு நார் குழந்தைகளின் மலத்தில் மெல்லிய கருநூலாகத் தெரியும். சுருண்ட தக்காளித் தோலும் பயறு முளையும் இப்படித்தான். உண்மையான கீரிப்பூச்சி வெண்ணிறமானது. ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளம், பெரும்பாலும் நெளியும். உருண்டைப்புழு 15 முதல் 35 செ.மீ. வரை வளரும்.

நுண்ணோக்கியிலும் குழப்பம் உண்டு. செடிகளின் ரோமம் புழுவின் இளம்பருவம்போல இருக்கும். ஆனால் உள்ளே உணவுக்குழலோ குடலோ இராது. மகரந்தத் துகள் நாடாப்புழு முட்டையாகத் தோன்றும். மாவில் வாழும் உண்ணியின் முட்டை கொக்கிப்புழு முட்டையை ஒத்தது, ஆனால் அதைவிடப் பெரியது. அதனால்தான் ஆய்வகத்தில் அளவுகோல் வைத்து அளக்கிறார்கள்.

மீன் உண்ணும் ஊர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. மனித மலத்தில் கண்ட சில நுண்ணுயிர்களை 1919-இல் கிளிஃபோர்ட் டோபெல் மனிதக் குடலின் ஒட்டுண்ணிகள் என்று விவரித்துப் பெயரிட்டார். அவை உண்ட மீனோடு உள்ளே போய் அப்படியே வெளியேறியவை என்று 1926-இல் தாம்சனும் ராபர்ட்சனும் காட்டினார்கள். ஈரல் தின்றவருக்கும் இது நேரும்: ஆட்டு ஈரலில் இருந்த தட்டைப்புழு முட்டைகள் நோய் தராமலே மலத்தில் தென்படும். சில நாள் ஈரலை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தால் முட்டைகள் மறைந்துவிடும். உண்மையான தொற்றானால் தொடர்ந்து வரும்.

கழிவிலிருந்து முட்டையைப் பிரிக்க உதவுவது மரக்காணம் உப்பளங்களில் விளையும் அதே சமையல் உப்பு. உப்பு மேலும் கரையாத அளவுக்குச் செறிந்த கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.2, பாத்தியில் உப்பு படியத் தொடங்கும்போதும் நீர் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கும். 1921-இல் வில்லிஸ் விவரித்த முறைப்படி மலத்தை இதில் கலந்து வைத்தால், லேசான கொக்கிப்புழு முட்டைகள் மேலே மிதக்கும். கனத்த உணவுக் கசடு அடியில் தங்கும். தட்டைப்புழு முட்டைகள் இதில் மிதக்காததால் அவற்றுக்கு வேறு முறை தேவை.

ஒன்று முதல் 19 வயது வரையுள்ளோருக்குத் தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல், தொற்று பரவலாக இருப்பதால் சோதனையின்றியே வழங்கப்படுகிறது. அதைத் தவிர்க்க வேண்டாம். மற்ற நேரங்களில், மலத்தில் எதையாவது கண்டு சந்தேகம் எழுந்தால், தாமாக மாத்திரை வாங்காமல், கண்டதைச் சுத்தமான மூடிய டப்பாவில் எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். முந்தைய இரண்டு நாளில் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.