ஆணையிடுவது யார்? எந்திரமா, பிள்ளையா?

கம்ப்யூட்டர் மேதை பேப்பர்ட் விட்டுச் சென்ற கேள்வி

கேள்வியைத் தட்டினால் போதும். கட்டுரை வருகிறது. கணக்குக்கு விடை வருகிறது. லீவு லெட்டரும் வருகிறது.

2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் "சாட் ஜி.பி.டி." என்ற எந்திர மூளை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அது முதல் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப் பாடம் செல்போனுக்குள் போய்விட்டது.

தாராவி, செம்பூர், முலுண்டு என்று நம்மவர்கள் வாழும் இடங்களிலும் இதே கதைதான். தகப்பனார் ஓவர்டைம் பார்த்த காசில் வாங்கிய போனைப் பார்த்து, பிள்ளை நோட்டில் எழுதுகிறது. "படிக்கிறான்" என்று தாயார் மகிழ்கிறார்.

"ஏ.ஐ. படித்தால்தான் இனி வேலை" என்கின்றன டியூசன் விளம்பரங்கள். "ஏ.ஐ. வந்தால் இருக்கிற வேலையும் போய்விடும்" என்கிறது ஆபீஸ் பேச்சு. இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது என்று தெரியாமல் பெற்றோர் விழிக்கிறார்கள்.

எந்திரமும் பிள்ளையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்பே கையில் எடுத்த ஓர் ஆசிரியர் உண்டு. செயற்கை அறிவு எந்திரத்தை உருவாக்க முயன்ற முன்னோடிகளில் அவரும் ஒருவர். பெயர், செய்மோர் பேப்பர்ட்.

வேலைக்காரர்களுக்கு வகுப்பு

பேப்பர்ட் 1928-ம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். 1893-ம் ஆண்டு காந்திஜியை ரெயிலில் இருந்து இறக்கிவிட்டார்களே, அன்று அவர் போய்க் கொண்டிருந்த ஊர் அதுதான்.

பேப்பர்ட் வெள்ளைக்காரப் பிள்ளை. பள்ளியில் படிக்கும்போதே, அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்த எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பின மக்களுக்கு மாலை வகுப்பு நடத்த முயன்றார். பெரியவர்கள் தடுத்தார்கள். "அவர்கள் வந்தால் நோய் பரவும்" என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆனால் அதே மக்கள்தான் வெள்ளையர் வீட்டில் சமைத்தார்கள். வெள்ளையர் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார்கள். அப்போது பரவாத நோய், எழுத்துப் படித்தால் மட்டும் பரவுமா?

படித்த பெரியவர்கள் இப்படி யோசிப்பது எப்படி என்று அந்தச் சிறுவன் திகைத்தான். மனிதர் சிந்திப்பது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு அவரை இழுத்தவற்றில் இந்தத் திகைப்பும் ஒன்று. அவரைப் பொறுத்தவரை கல்வியும் அரசியலும் முதல் நாளில் இருந்தே ஒன்றாகத்தான் வந்தன.

நிறவெறியை எதிர்த்த பேப்பர்ட், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, நாட்டை விட்டு வெளியேறினார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இன்னொரு டாக்டர் பட்டம் பெற்றார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில், குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே என்ற அறிஞரிடம் வேலை பார்த்தார். குழந்தை காலிக் குடம் அல்ல, தன் அறிவைத் தானே கட்டிக் கொள்கிறது என்பது பியாஜேயின் முடிவு.

1960-களில் அமெரிக்கா சென்ற பேப்பர்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்வின் மின்ஸ்கி என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து செயற்கை அறிவு ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஆமை வந்தது

அந்தக் காலக் கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைக்கும். விலையோ மலை. அதைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும் என்று சொன்னவரைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள்.

1967-ம் ஆண்டு பேப்பர்ட், வாலி பர்சிக், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து "லோகோ" என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினர். குழந்தைகளுக்காகவே செய்த மொழி அது. பின்னர் அதனுடன் ஓர் ஆமையும் சேர்ந்தது. தரையில் ஊர்ந்து, வயிற்றில் செருகிய பேனாவால் கோடு போடும் எந்திர ஆமை. பிற்பாடு அதுவே திரையில் ஒரு சிறு முக்கோணமாக மாறியது.

"ஃபார்வர்டு 100" என்றால் ஆமை 100 அடி வைக்கும். "ரைட் 90" என்றால் வலப்பக்கம் செங்கோணமாகத் திரும்பும். இதையே நான்கு முறை சொன்னால் ஒரு சதுரம் வந்துவிடும்.

முக்கோணம் போடு என்றால்தான் வேடிக்கை. முக்கோணத்தின் மூலை 60 டிகிரி என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, 60 திரும்பச் சொல்லும். ஆமை முக்கோணம் போடாது. மூன்று முறை ஓடி, பாதி அறுகோணத்தைப் போட்டுவிட்டு நிற்கும்.

ஏன்? பிள்ளை எழுந்து தானே நடந்து பார்க்கும். தான் திரும்ப வேண்டியது உள் மூலை அளவு அல்ல, வெளிப்பக்க அளவு என்று காலால் புரிந்து கொள்ளும். 120 என்று மாற்றும். முக்கோணம் வந்துவிடும்.

அதோடு இன்னொன்றும் பிடிபடும். சதுரத்துக்கு நான்கு முறை 90. முக்கோணத்துக்கு மூன்று முறை 120. இரண்டும் 360. அப்படியானால் ஓர் அடி வைத்து ஒரு டிகிரி திரும்பு என்று 360 முறை சொன்னால்? வட்டம்!

இதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. தப்பு செய்ததற்குப் பிரம்படியும் இல்லை, மதிப்பெண் குறைப்பும் இல்லை. தப்பைத் தேடிப் பிடித்துத் திருத்துவதே படிப்பு ஆகிவிட்டது.

1980-ம் ஆண்டு வெளிவந்த "மைண்ட்ஸ்டார்ம்ஸ்" என்ற புத்தகத்தில் பேப்பர்ட் இதை விரிவாக எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: மற்ற இடங்களில் எந்திரம் கேள்வி கேட்கிறது, பிள்ளை பதில் சொல்கிறது, எந்திரம் பிள்ளையை ஆட்டி வைக்கிறது. அதைத் தலைகீழாக்க வேண்டும். பிள்ளை ஆணையிட வேண்டும், எந்திரம் கேட்க வேண்டும். எந்திரத்துக்குச் சொல்லித் தரும் பிள்ளை, தான் எப்படி யோசிக்கிறோம் என்பதையே கற்றுக் கொள்கிறது.

பள்ளிக்கூடம் விழுங்கியது

பிறகு என்ன நடந்தது? பள்ளிக்கூடங்கள் கம்ப்யூட்டரை வாங்கின. தனி அறையில் பூட்டின. வாரம் ஒரு பீரியடு ஒதுக்கின. பாடத்திட்டம் போட்டன. பரீட்சையும் வைத்தன. பள்ளியை மாற்ற வந்த எந்திரத்தைப் பள்ளி விழுங்கி ஏப்பம் விட்டது என்பது பேப்பர்ட்டின் மனக்குறை.

நம் நாட்டிலும் இதுதான் நடந்தது. 1984-ம் ஆண்டு மத்திய அரசு "கிளாஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கி, இங்கிலாந்தின் "பி.பி.சி. மைக்ரோ" கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் போவது போலக் கம்ப்யூட்டர் அறைக்குள் போன தலைமுறை ஒன்று உண்டு.

பின்னாளில் தனியார் பள்ளிகளின் பாடப் புத்தகத்தில் லோகோவும் இடம்பெற்றது. எப்படி? "எப்.டி. என்பதன் விரிவு என்ன?" "ஆமையின் வடிவம் எது?" என்று கேள்வி பதிலாக! மனப்பாடத்தை ஒழிக்க வந்த ஆமையையே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

இரண்டு பெரியவர்கள்

பள்ளிக்கூடம் என்ற அமைப்பே காலாவதி ஆகிவிடும் என்று பேப்பர்ட் நம்பினார். இதற்கு மறுப்புச் சொன்னவர் பிரேசில் நாட்டின் கல்வியாளர் பாலோ பிரெய்ரே.

பிரெய்ரே சாதாரண ஆள் அல்ல. 1963-ம் ஆண்டு ஏழைத் தொழிலாளர்கள் சுமார் 300 பேருக்கு, ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத் தந்தவர். அந்த நாட்டில் அப்போது எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆகவே எழுத்தைத் தருவது ஓட்டைத் தருவதும் ஆகும். 1964-ம் ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தது. பிறகு பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தார்.

1980-களின் இறுதியில் இருவரும் பிரேசிலில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். பள்ளி தானாக மறையும் என்றார் ஒருவர். பள்ளியில் குறை உண்டு, அதை மாற்றுவதே நம் வேலை, அது அரசியல் வேலை என்றார் மற்றவர்.

நம்மைப் போன்றவர்களுக்கு பிரெய்ரே சொல்வதுதான் நெருக்கமாகப் படுகிறது. வீட்டில் புத்தக அலமாரியும் படித்த தாய் தகப்பனும் உள்ள பிள்ளை, பள்ளி இல்லாமலும் தேறிவிடலாம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளிதான் ஒரே ஏணி.

பாதி சரி, பாதி தவறு

எந்திரத்தைக் கையில் கொடுத்தாலே போதுமா என்ற வழக்கும் பலமுறை நடந்துவிட்டது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கவர்னர் ஆங்கஸ் கிங்கின் திட்டப்படி, 2002-ம் ஆண்டு அரசுப் பள்ளிகளின் 7-ம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் லேப்டாப் தரப்பட்டது. பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே லேப்டாப். அந்தத் திட்டத்துக்குப் பேப்பர்ட் துணை நின்றார்.

"குழந்தைக்கு ஒரு லேப்டாப்" என்ற உலகத் திட்டத்திலும் அவர் பங்கு உண்டு. 2006-ம் ஆண்டு நம் மத்திய கல்வித்துறை அதை ஏற்க மறுத்தது. அவசரத் தேவை வகுப்பறையும் ஆசிரியரும்தான் என்பது அதன் வாதம். பின்னர் 2011-ம் ஆண்டு தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தது. ஊரில் உள்ள நம் சொந்தக்காரப் பிள்ளைகள் பலர் அதில் படித்து முன்னேறினார்கள். சினிமா பார்க்க மட்டும் திறந்தவர்களும் உண்டு.

பேப்பர்ட்டின் கணக்கு எல்லாமே பலித்தது என்று சொல்ல முடியாது. 1969-ம் ஆண்டு அவரும் மின்ஸ்கியும் எழுதிய "பெர்செப்ட்ரான்ஸ்" என்ற புத்தகம், மூளை நரம்பு போன்ற வலைப்பின்னலால் எந்திரத்தைக் கற்க வைக்கும் முறையின் வரம்புகளைக் காட்டியது. அந்த ஆராய்ச்சி பல ஆண்டுகள் மங்கியது. இன்றைய ஏ.ஐ. எந்திரங்களோ அந்த வலைப்பின்னல் முறை பல அடுக்குகளாக வளர்ந்ததன் பிள்ளைகள். 2016-ம் ஆண்டு காலமான பேப்பர்ட், இன்றைய சாட் ஜி.பி.டி.யைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் பழசாகவில்லை.

குமாஸ்தா அறிந்த உண்மை

ரெயில்வே குமாஸ்தாக்களுக்கு இது புதிதல்ல. 1980-களில் டிக்கெட் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் பயந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். கோட்டாவும் விதியும் கட்டணக் கணக்கும் தெரிந்தவர், எந்திரம் தப்புச் சொன்னால் பிடித்துவிடுவார். பட்டனை மட்டும் கற்றவரோ, எந்திரம் நின்றால் தானும் நின்றுவிடுவார்.

இன்றைய ஏ.ஐ.யும் தப்புச் சொல்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களில் இருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கற்ற எந்திரம் அது. தெரியாததையும் தெரிந்தது போலத் தயங்காமல் சொல்லும். பாடம் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பொய் பிடிபடும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2019-ம் ஆண்டே 9-ம் வகுப்பில் ஏ.ஐ. விருப்பப் பாடமாக வந்துவிட்டது. தமிழ் உள்பட எட்டு மொழிகளில் நடக்கும் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? எந்திரத்தை ஆளும் படிப்பா, எந்திரம் சொன்னதை எழுதும் படிப்பா? இதை எந்த எந்திரமும் தீர்மானிக்காது. பணம் ஒதுக்குபவர்களும் ஆசிரியரை நியமிப்பவர்களும்தான் தீர்மானிப்பார்கள்.

அங்கே நமக்கும் ஒரு நாற்காலி உண்டு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஷிப்டு என்றும் கூலி போய்விடும் என்றும் நாம் போகாமல் இருந்தால், அந்த நாற்காலி காலியாகவே இருக்கும்.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை போனைப் பார்த்து எழுதி முடித்ததும், போனை வாங்கி வைத்துக் கொண்டு, "இது எப்படி வந்தது, எனக்குத் தமிழில் சொல்" என்று கேளுங்கள்.

சொல்லிவிட்டால் எந்திரம் பிள்ளைக்கு வேலை செய்திருக்கிறது. திணறினால், பிள்ளைதான் எந்திரத்துக்கு வேலை செய்திருக்கிறது.