தொப்புளில் ஒரு புடைப்பு

இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும், காரும் டயரும் கண்ணாடியும் கைப்பேசியும் செய்து உலகெங்கும் அனுப்பும் தொழிற்சாலைகளில் இரவு பகல் ஷிப்டு மாறி மாறி நின்றபடியே உழைக்கும் ஆண்களும் பெண்களும், தங்கள் சரீரத்தில் நிகழும் சிறு மாறுதல்களைக் கவனிக்க அவகாசமற்றவர்களாக இருப்பதில் வியப்பில்லை. அவ்விதம் கவனியாமல் விடப்படும் மாறுதல்களில் ஒன்று, தொப்புளில் தோன்றும் புடைப்பு. நிற்கும்போதும் இருமும்போதும் அது வெளியே தெரியும். படுத்தால் உள்ளே சென்றுவிடும். வலியும் ஆரம்பத்தில் பெரும்பாலும் இராது. ஆதலால் அதைத் தொப்பை என்றோ வாயு என்றோ எண்ணிக்கொண்டு வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். வைத்தியர்கள் தொப்புள் குடலிறக்கம் என்று சொல்லும் இந்நோயைவிட, இந்தத் தள்ளிப்போடும் வழக்கமே அதிக அபாயமானது என்பது என் அபிப்பிராயம்.

கர்ப்பத்திலிருக்கும் சிசுவுக்குத் தாயின் போஷாக்கைக் கொண்டுவரும் தொப்புள்கொடி நுழைகிற இடத்தில், வயிற்றுச் சுவரில் வளையம் போன்ற ஒரு துவாரம் இருக்கிறது. பிறந்தபின் அது தழும்பாகி மூடிக்கொண்டாலும், சுற்றியுள்ள பாகங்களுக்கு உள்ள வலிமை அந்த இடத்துக்கு வருவதில்லை. ஒரகடத்து டயர்த் தொழிலாளிக்குச் சொல்வதானால், டயரில் கிழிசல் விழுந்த இடத்தில் உள்ளிருக்கும் டியூப் பிதுங்குவதுபோல, வயிற்றினுள் அழுத்தம் மிகும்போது அந்தப் பலவீனமான வளையம் விரிந்து, கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளியே தள்ளப்படுகிறது. உடற்பருமன், அடுத்தடுத்த பிரசவங்கள், ஓயாத இருமல், மலச்சிக்கல், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தல் முதலியன இந்த அழுத்தத்தை உண்டாக்குபவை. பாரம் தூக்கியதொன்றே துவாரத்தை உண்டாக்கிற்று என்று வைத்தியர்கள் துணிந்து சொல்வதில்லை. ஆனால் ஏற்கெனவே விரிந்த இடத்தில் தினந்தோறும் முக்கித் தூக்கும் பாரம் தொல்லையை வளர்க்கிறது என்பதைத் தொழிலாளிகள் அனுபவத்தில் அறிவார்கள்.

குழந்தைகளின் விஷயம் முற்றிலும் வேறு. பச்சைக் குழந்தையின் தொப்புள் புடைத்திருந்தால் அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் இறுகக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னமும் இருக்கிறது. அந்தப் புடைப்பு பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்வது. காசு கட்டியதால் நேர்ந்த நன்மை எதுவுமில்லை, தோல் புண்ணாகும் தீமைதான் உண்டு. அந்த வயதுக்கு மேலும் மூடாதிருந்தாலும், துவாரம் மிகப் பெரிதாக இருந்தாலும் மட்டுமே அறுவைசிகிச்சையைப் பற்றி யோசிக்கிறார்கள்.

பெரியவர்களுக்கோ அது தானாக மூடுவதில்லை. மாத்திரையும் எண்ணெயும் பெல்ட்டும் துவாரத்தை அடைக்கமாட்டா. மேலும், துவாரம் சிறிதாக இருந்தால் அபாயமும் சிறிதென்று நினைப்பது இயற்கையாயினும் அது சரியன்று. குறுகிய வளையத்தின் வழியே வெளிவந்த குடல் திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்துக்குள் அழுகத் தொடங்கிவிடக்கூடும். உள்ளே செல்லாமல் கெட்டிப்பட்ட புடைப்பு, தாங்கமுடியாத வலி, சிவந்தோ கறுத்தோ போன தோல், வாந்தி, காற்றும் மலமும் பிரியாமை ஆகிய இவற்றில் எது கண்டாலும், ஷிப்டு முடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். புடைப்பைப் பலவந்தமாக அழுத்தி உள்ளே தள்ள முயலவும் கூடாது. நாள் குறித்துச் செய்துகொண்டால் மறுநாளோ அன்றைக்கேயோ வீடு திரும்பக்கூடிய எளிய சிகிச்சை, நள்ளிரவில் அவசரமாகச் செய்யப்படும்போது குடலையே வெட்டி இணைக்கும் பெரிய சிகிச்சையாக மாறிவிடலாம்.

சிகிச்சையின் வரலாறு ரஸமானது. அமெரிக்க அறுவை வைத்தியர் வில்லியம் மேயோ, துவாரத்தின் ஒரு விளிம்பை மற்றதன்மேல் ஏற்றித் தைக்கும் முறையை 1901இல் விவரித்தார். அது நெடுங்காலம் ஆட்சி புரிந்தது. ஆயினும் பலவீனமான திசுக்களை இழுத்துத் தைத்தால் தையல் விட்டுப்போவதுண்டு. ஆகவே செயற்கை இழையால் ஆன வலையைத் துவாரத்துக்கு அடியிலோ மேலோ பொருத்தி, அதன் கண்களினூடே உடலின் சொந்தத் திசு வளர்ந்து சுவராகும்படி விடும் முறை வந்தது. ஒன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரை துவாரமுள்ள 300 நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான முடிவு, இரண்டு வருஷத்தில் வலை வைத்தோரில் 100க்கு 4 பேருக்கும், தையல் மட்டும் போட்டோரில் 100க்கு 12 பேருக்கும் நோய் திரும்பியதாகக் கூறுகிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துவாரத்துக்குத் தையலே போதுமென்று கருதுவோரும் உண்டு. வயிற்றைத் திறந்து செய்வதா, சிறு துளைகள் வழியே கருவி நுழைக்கும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்வதா என்பது துவாரத்தின் அளவையும் நோயாளியின் பருமனையும் பொறுத்தது.

வலையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்த காலத்தில், மஹாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தொங்காவ்கர், கொசுவலைத் துணியைச் சுத்திகரித்துக் குடலிறக்கச் சிகிச்சைக்குப் பயன்படுத்திக் காட்டினார் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. உகாண்டாவில் தொடையிடுக்குக் குடலிறக்கம் கண்ட ஆண்களிடம் இவ்வகை மலிவு வலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லையென்றே கண்டது.

புகைபிடிப்பதைச் சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்துவதும், சர்க்கரையையும் எடையையும் குறைப்பதும் காயம் ஆறப் பெரிதும் உதவும். சிகிச்சைக்குப் பிறகு நடக்கலாம், குளிக்கலாம். ஓரிரு வாரங்களில் இலேசான வேலையும் பார்க்கலாம். பாரம் தூக்குவதற்குத்தான் வைத்தியர் சொல்லும்வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம், பொறுத்திருக்கவேண்டும். அந்த வாரங்களின் சம்பளத்தை எண்ணித்தான் நம் தொழிலாளி தயங்குகிறார். ஆனால் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர், கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும், ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார். சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு அவர் கணக்கிலிருந்தும், மூன்றேகால் ரூபாய் முதலாளியிடமிருந்தும் செல்கிறது. உரிய ஆறுமாதக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், வைத்தியர் சான்றளிக்கும் நோய்க்கால விடுப்புக்கு ஊதியத்தில் 100க்கு 70 வீதம், வருஷத்தில் 91 நாட்கள் வரை பணமாகப் பெறலாம். சிகிச்சைக்குச் சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. இல்லாதோருக்குக் காஞ்சிபுரம், செங்கற்பட்டு அரசு ஆஸ்பத்திரிகள் அருகிலேயே உள்ளன. தம் பெயரில் கான்ட்ராக்டர் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதைத் தொழிலாளி இப்போதே பார்த்துக்கொள்ளவேண்டும். வேலைக்குத் திரும்பும் நாளில், இன்ன தேதிவரை பாரம் தூக்கலாகாது என்று வைத்தியரிடம் எழுதி வாங்கிய சீட்டை சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டுத்தான் லைனில் நிற்கவேண்டும்.