பாயில் படுக்கை, கண்ணுக்குள் லென்ஸ்

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் டாக்டர் ஒருவர், 1976-ல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். டாக்டர்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தார்கள். தங்கை, தங்கையின் கணவர் என்று சொந்தபந்தமே கைகொடுத்தது. அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

அவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர். இளவயதிலேயே முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட, பிரசவம் பார்க்க முடியாது என்றானது. கண்ணுக்குத் தாவி, அந்த விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார் என்கிறார்கள்.

கையில் பணமும் குறைவு, டாக்டர்களும் குறைவு. எதை மிச்சம் பிடிப்பது? டாக்டரின் நேரத்தை. அறுவை அரங்கில் இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயாராகிவிடுவார். பார்வைப் பரிசோதனை போன்ற வேலைகளுக்குக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். இலவச நோயாளிகளுக்குத் தரையில் பாய். காசு கொடுப்பவர்களுக்குத் தனியறை.

ஆனால் கண்ணுக்குள்ளேயும் அந்த ஏற்றத்தாழ்வு புகுந்திருந்தது. கண்புரை என்பது விழியின் இயற்கை லென்ஸில் புரதங்கள் திரண்டு மங்கிப்போவது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டால், ஒளியைக் குவிக்க வேறொன்று வேண்டும். ஏழைகளில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. உருவங்கள் பெரிதாகத் தெரியும், ஓரப்பார்வை அடிபடும். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் இருட்டு.

மாற்று வழி லண்டனில் 1949-லேயே பிறந்திருந்தது. போர் விமானங்களின் பிளாஸ்டிக் கூரைச் சிதறல்கள் விமானிகளின் கண்ணில் தங்கியும் பெரிதாக அழற்சி வராததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் பொருத்தினார். மேலைநாட்டில் அதன் விலை 100 டாலரைத் தாண்டியது. தானமாக வருவதை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? 1992-ல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரோலேப் தொடங்கப்பட்டது. விலை சுமார் 10 டாலருக்கு இறங்கி, பிறகு இன்னும் குறைந்தது. பாயில் படுத்தவருக்கும் லென்ஸ் கிடைத்தது.

இந்த லென்ஸ் வளையாது, மடியாது. அதை நுழைக்கச் சுமார் 6 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். விலையுயர்ந்த அல்ட்ராசவுண்ட் கருவி இல்லாமல், விழியின் வெண்படலத்தில் சாய்வாகச் சுரங்கம்போல் வெட்டும் முறை இங்கே பெருவழக்கானது. வெட்டை மூடத் தையல் போடுவதில்லை. கண்ணின் உள்ளழுத்தமே அதைச் சாத்திவிடுகிறது.