ட்ரோல் இல்லாத ‘ட்ரோல் 2’!

முதல் பாகமே எடுக்காமல் இரண்டாம் பாகம் எடுக்க முடியுமா? எண்பதுகளின் இத்தாலியப் பட முதலாளிகளிடம் கேட்டிருந்தால், “இரண்டு என்ன, ஏழாம் பாகமே ரிலீஸ் பண்ணுவோமே!” என்று சிரித்திருப்பார்கள். அந்தக் கில்லாடிகளின் கைவண்ணத்தில் உச்சம் 1990-ல் வந்த ‘ட்ரோல் 2’. ட்ரோல் என்பது ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் பூதம். படத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அது தலைகாட்டாது. வருவதெல்லாம் காப்ளின் என்ற குட்டிச்சாத்தான்கள்தான்!

கதையைக் கேளுங்கள். ஒரு குடும்பம் விடுமுறைக்கு நில்பாக் என்ற கிராமத்துக்குப் போகிறது. ஊரே மனித வேஷம் போட்ட காப்ளின்கள். (நில்பாக்கை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் காப்ளின். சஸ்பென்ஸ் அவ்வளவுதான்!) இந்தக் காப்ளின்கள் சுத்த சைவம். மனிதனை அப்படியே தொடமாட்டார்கள். பச்சைப் பசேலென்று எதையோ ஊட்டி, ஆளைச் செடிகொடியாக்கி, அதற்குப் பிறகுதான் பந்தி. திரைக்கதை எழுதிய ரோஸெல்லா ட்ரூடிக்கு இந்த யோசனை எப்படி வந்தது? அவருடைய நண்பர்கள் வரிசையாக சைவத்துக்கு மாற, அந்த எரிச்சலில் எழுதினாராம்!

சிகரக் காட்சி ஒன்று உண்டு. விருந்து மேசையில் குடும்பம் கைவைக்கப்போகிறது. செத்துப்போன தாத்தா ஆவியாக வந்து, பேரனுக்காகக் காலத்தை முப்பது விநாடி நிறுத்திவைக்கிறார். எல்லாரும் சிலையாக நிற்க, பையன் என்ன செய்வதென்று திருதிருவென முழிக்கிறான். தட்டைத் தள்ளிவிட்டிருக்கலாம், மேசையைக் கவிழ்த்திருக்கலாம். பயல் மேசைமேல் ஏறி, சாப்பாட்டின்மீது ஒன்றுக்குப் போய்விடுகிறான்!

படப்பிடிப்பு இதைவிடக் கூத்து. 1989 கோடை, அமெரிக்காவின் யூட்டா மாநிலம், மார்கன் என்ற சிற்றூர். இயக்குநர் கிளாடியோ ஃபிரகாஸோ இத்தாலியிலிருந்து தன் பட்டாளத்தோடு வந்து இறங்குகிறார். அவர்களில் சரளமாக ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் ஆடை வடிவமைப்பாளர் லாரா ஜெம்ஸர் மட்டும்தான். எழுபதுகளில் கவர்ச்சிப் படங்களின் நாயகியாக இருந்த அதே ஜெம்ஸர், இங்கே காப்ளின்களுக்குச் சாக்குத்துணியில் அங்கி தைத்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு ரப்பர் முகமூடி. அதில் பலதுக்கு வாய்கூட அசையாது.

நடிகர்கள்? சுற்றுவட்டாரத்து ஆட்கள். துணை நடிகராகக் கூட்டத்தில் நின்றால் போதும் என்று வந்த பல் டாக்டர் ஜார்ஜ் ஹார்டியைப் பிடித்துக் குடும்பத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். வசனங்களோ தப்பும் தவறுமான ஆங்கிலம். “இப்படி எங்கள் ஊரில் யாரும் பேசமாட்டார்கள், கொஞ்சம் மாற்றிக்கொள்கிறோமே” என்று கேட்டும் இயக்குநர் அசையவில்லை, எழுதியதை எழுதியபடி சொல்லச் சொன்னார் என்பது நடிகர்களின் புலம்பல். இயக்குநர் இதை மறுக்கிறார். எதுவானாலும், அந்த வசனங்களைத்தான் ரசிகர்கள் இன்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

இத்தனை பாடும் பட்டு எடுத்த படத்தின் பெயர் ‘காப்ளின்ஸ்’. யோக்கியமான பெயர்! ஆனால் அமெரிக்காவில் படத்தை விற்கவேண்டியவர்களுக்கு யோக்கியம் எதற்கு? 1986-ல் ‘ட்ரோல்’ என்று ஒரு படம் வந்திருந்தது. கதையில் ஒட்டு இல்லை, உறவு இல்லை. போகட்டும் என்று அதன் பெயரைப் பிடுங்கி, பக்கத்தில் ஒரு ‘2’ போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கத் தயாரிப்பான ‘ட்ரோல்’ எடுக்கப்பட்டது ரோம் பக்கத்து ஸ்டுடியோவில். இத்தாலியத் தயாரிப்பான ‘ட்ரோல் 2’ எடுக்கப்பட்டது அமெரிக்காவில்!

ஃபிரகாஸோவுக்கு இந்த நம்பர் விளையாட்டு புதிதா என்ன? ஜார்ஜ் ரொமேரோவின் ‘டான் ஆஃப் த டெட்’ 1978-ல் இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் ஓடியது. அடுத்த வருடமே லூச்சியோ ஃபுல்சி, சம்பந்தமே இல்லாத ‘ஸோம்பி 2’வோடு வந்து நின்றார். 1988-ல் வந்த ‘ஸோம்பி 3’இல் எழுத்திலும் படப்பிடிப்பிலும் நம் ஃபிரகாஸோவின் கை இருந்தது.

அடுத்த அத்தியாயம் ‘லா காஸா’, அதாவது ‘வீடு’. சாம் ரெய்மியின் ‘ஈவில் டெட்’ படங்கள் இரண்டும் இத்தாலியில் ‘லா காஸா’, ‘லா காஸா 2’ என்று வெளியாயின. சும்மா இருப்பார்களா? உள்ளூர் கம்பெனியான ஃபில்மிராஜ் தன் பங்குக்கு 3, 4, 5 என்று போட்டுத் தள்ளியது. அந்த ஐந்தின் இயக்குநர் யார்? சாட்சாத் ஃபிரகாஸோ! பிறகு ‘ஹவுஸ் 2’ என்ற அமெரிக்கப் படம் இத்தாலிக்குள் நுழைந்தபோது அதையும் விடவில்லை, ‘லா காஸா 6’ ஆக்கிவிட்டார்கள். வேறொரு குடும்பத்தின் இரண்டாவது பிள்ளை, இங்கே ஆறாவது பிள்ளை!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ‘டெர்மினேட்டர் 2’. ஜேம்ஸ் கேமரூனுடையது 1991-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1989-ல் புரூனோ மத்தேய் எடுத்த ஒரு படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியாயிற்று. வெனிஸ் நகரின் பாதாளத்தில் ராணுவ வீரர்களை வேட்டையாடும் ஜந்துகள்தான் கதை. பேருக்கு ஒரு ரோபோ மனிதனும் உண்டு. மற்றதெல்லாம் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’. ஒரு கேமரூன் படத்திலிருந்து பெயர், இன்னொரு கேமரூன் படத்திலிருந்து கதை! எழுதியது? அதே ஃபிரகாஸோ.

இயக்குநரைத் திட்டிப் பயனில்லை. படம் ஸ்டுடியோவில் பிறந்தாலும், பெயர் பிறந்த இடம் வியாபாரி மேசை. வீடியோ கடை அலமாரியில் நூறு கேசட்டுகள் நெருக்கியடித்து நிற்கும். வாடகைக்கு எடுக்க வருகிறவர் கண்ணில் படுவது பெயரும் படமும்தான். எங்கோ கேள்விப்பட்ட பெயர், பக்கத்தில் ஒரு நம்பர் என்றால் கை தானாக நீளும். வீட்டில் போட்டுப் பார்த்து ஏமாந்தாலும், கொடுத்த காசு கொடுத்ததுதான்.

ஆனால் ‘ட்ரோல் 2’ விஷயத்தில் ஏமாந்தவர்கள் கோபப்படவில்லை. கேசட்டை நண்பர்களைக் கூட்டிவைத்துப் போட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு பரவிப் பரவி, தியேட்டரில் நள்ளிரவுக் காட்சிகள் போடும் அளவுக்குப் போனது. மேசைமேல் ஏறிய அந்தப் பயல் மைக்கேல் ஸ்டீஃபன்சன் வளர்ந்து, படம் பிறந்த கதையையே 2009-ல் ஆவணப்படமாக எடுத்தார். அதில் ஃபிரகாஸோவும் வருகிறார். தியேட்டர் நிறையக் கூட்டத்தைக் கண்டு பூரிக்கிறார், சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்கிறார்களே என்று முகம் சுளிக்கிறார். ஆவணப்படத்துக்கு ஸ்டீஃபன்சன் வைத்த பெயர் ‘பெஸ்ட் வொர்ஸ்ட் மூவி’. மோசமான படங்களிலேயே முதல் தரமானது! இந்த வம்சத்தில் ஒருவழியாக ஒரு படத்துக்குப் பொருத்தமான பெயர் கிடைத்துவிட்டது.