தலைவலி மட்டுமா ஒற்றைத் தலைவலி?

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும், ‘மைக்ரேன்’ எனப்படும் ஒற்றைத் தலைவலி, வந்தவருக்கே இன்னதெனத் தெரியாமல் வந்து போவதும் உண்டு. தலைவலி அந்நோயின் ஓர் அறிகுறியே அன்றி, அதுவே நோய் முழுவதும் அன்று.

மருத்துவ அறிஞர் இந்நோயின் போக்கை நான்கு கட்டங்களாகப் பகுப்பர். நான்கும் எல்லார்க்கும் தோன்றும் என்பதில்லை.

முதற்கட்டம், வலிக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ முன்னர்த் தொடங்கும். அடுக்கடுக்காகக் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், மனம் காரணமின்றி எரிச்சலுறும், இனிப்பின்மீது வேட்கை எழும். இனிப்பு உண்டதால் தலைவலி வந்தது என நாம் பழி கூறுகிறோம்; சிலர்க்கு அவ்வேட்கையே நோயின் முன்னறிவிப்பாகும்.

இரண்டாம் கட்டம் ‘ஆரா’ எனப்படும். நோயாளருள் ஒரு சாரார்க்கே இது தோன்றும். பார்வையில் ஓர் ஒளிப்புள்ளி எழுந்து, கோட்டை மதிலின் முனைகளைப் போல் மடிந்து மடிந்து விரியும். அவ்விடத்து எழுத்துகள் மறையும். விரலில் தொடங்கும் மதமதப்பு மெல்ல ஏறி முகத்தை அடையும். பெரும்பாலும் இவை ஒவ்வொன்றும் 5 முதல் 60 நிமிடங்களுக்குள் நீங்கும். ஆங்கில மருத்துவர் ஹியூபர்ட் ஏரி, தாம் கண்ட இத்தோற்றத்தை 1870இல் வரைந்து வெளியிட்டார். 1944இல் பிரேசில் அறிஞர் லியாவோ, மூளைப் புறணியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஊரும் ஓர் அலையை விளக்கினார். ஆராவின் அடிப்படை அவ்வலையே என்பது இன்றைய கருத்து. குறிகள் மெல்லப் பரவுவதும் அதனாலேயே.

மூன்றாம் கட்டமாகிய வலி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கலாம். குமட்டல், வாந்தி ஆகியவற்றோடு ஒளி, ஒலி, மணம் ஆகியனவும் பொறுக்க இயலாதனவாகும். தலை வாருவதும் நோகும். வலி தீர்ந்தபின் ஒரு நாள் அளவும் அயர்ச்சி நிற்பது நான்காம் கட்டம். சிலர்க்கு வலியே இன்றி ஆரா மட்டும் வந்து நீங்குதலும் உண்டு.

எனவே, தேர்வுக் கூடத்தில் வினாத்தாளின் எழுத்துகள் மறையத் திகைக்கும் மாணவியைப் ‘படிக்காததற்குச் சாக்கு’ எனக் கடிந்துகொள்ளுமுன் நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை: இக்குறிகள் முதன்முறையாகத் தோன்றினாலோ, திடீரென ஒருபக்கக் கைகால் வலுவிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, அது பக்கவாதமாகவும் இருக்கலாம். மைக்ரேன் என நாமே முடிவுகட்டி வீட்டில் காத்திராது, உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத துன்பத்தையும் துன்பமென நம்புதல், கற்றோராகிய நம் கடனாகும்.