இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

வத்தேகமக் கடைத்தெருவில் ஒருவர் பன்னிரண்டு கொப்பிகள் வாங்குகிறார் எனக் கொள்வோம். அவற்றை இருவருக்கும் மூவருக்கும் நால்வருக்கும் அறுவருக்கும் மீதியின்றிப் பங்கிடலாம். பத்துக் கொப்பிகளாயின் மூவருக்கோ நால்வருக்கோ பங்கிடுதல் இயலாது. 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் உள. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் நான்கிற்கு மேற்பட்ட காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் விஞ்சும் எண்ணை மிகுகாரணி எண் எனலாம். நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்னும் நம் பழைய கணக்கில் வரும் இரண்டு எண்களும் இவ்வினத்தனவே.

கும்பகோணத்தில் வளர்ந்து, 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்ற சீனிவாச இராமானுஜன், 1915இல் இவ்வெண்களைப் பற்றி நீண்டதோர் ஆய்வுரை வெளியிட்டார். ஒரு மிகுகாரணி எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்கிற்குக் குறையாது. 4, 36 ஆகிய இரண்டும் நீங்கலாக, இறுதிப் பகா எண் ஒரு முறையே வரும். இவ்விதிகளை நிறுவியதோடு, 102 எண்கள் கொண்ட பட்டியலையும் அவர் தந்தார். அதன் கடைசி எண் 6,746,328,388,800.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293,318,625,600 என்பதாகும். இதனைப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியன இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியன ஒவ்வொரு முறையும் வரும். ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ முற்றிலும் விடலாம். அன்றி ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆகவே அதற்கு ஏழு வழிகள். ஏனையவற்றுக்கும் இவ்வாறே கணித்துப் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5040 காரணிகள் கிடைக்கும். இந்த 5040உம் ஒரு மிகுகாரணி எண்ணே. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'சட்டங்கள்' என்னும் நூலில், பங்கீட்டுக்கு எளிதென்று கருதி, நகரின் குடிகளுக்கு விதித்த தொகையும் இதுவே.

வியப்பு இன்னுமொன்று உண்டு. விடுபட்ட எண்ணை 23ஆற் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வருகிறது. 23 புதியதொரு பகா எண்ணாகையால் காரணிகளும் இருமடங்காகி 10,080 ஆகின்றன. பெரியதைக் கண்ட கண்ணுக்கு அதன் உள்ளிருந்த சிறியது தப்பிவிட்டது.

இதனால் இராமானுஜனின் பெருமை குன்றுமோ? குன்றாது. விடுபட்ட எண்ணின் அடுக்குகளை மீண்டும் நோக்குக: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. அவர் நிறுவிய விதிக்கு அவை முற்றும் பொருந்துகின்றன. விதி பிழைக்கவில்லை, கையால் எழுதிய பட்டியலே பிழைத்தது. அவ்வாய்வுக்காகவே 1916ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

பெரியோர் சொன்னதாயினும் சோதித்தே கொள்ளல் வேண்டும் என்பது கணிதத்தின் அறம். அச்சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. வத்தேகமவில் ஒரு மாணவன் பென்சிலும் கொப்பியும் கொண்டு மேற்கண்ட பெருக்கல்களைச் செய்து பார்க்கலாம். அவன் காணும் விடையும் கேம்பிரிட்ஜில் காணப்படும் விடையும் ஒன்றே.