நாடகம் காட்டும் வழி

இளைஞரின் தற்கொலையைத் தொலைக்காட்சி நாடகம் காட்டலாமா? காட்டும் முறையைப் பொறுத்தது அது. 2017-இல் வெளிவந்த ‘தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்’ என்ற அமெரிக்கத் தொடரில், துயருற்ற மாணவி பள்ளி ஆலோசகரை நாடியும் உதவி கிட்டாமல் உயிர் துறக்கிறாள். மனநல அறிஞர் பலர் எச்சரித்தனர். 2019-இல் அம்மரணக் காட்சி நீக்கப்பட்டது.

மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ இசை நாடகத்திலோ (1791), சாகத் துணிந்த பாப்பகேனோவை மூன்று சிறுவர் தடுத்து, வேறு வழியை நினைவூட்டுகின்றனர். துயரைக் கடந்தோர் கதை உயிர் காக்கவும் கூடும் என்பதற்கு 2010-இல் ஆய்வாளர் ‘பாப்பகேனோ விளைவு’ எனப் பெயரிட்டனர்.

உளச்சோர்வு நோயே; அதற்குச் சிகிச்சை உண்டு. நாடகம் முடிந்ததும் அருகிலிருக்கும் பிள்ளையின் மனநிலையைக் கனிவுடன் வினவுங்கள். தேவையெனில் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். அச்சிறுவர் செய்த பணி நமக்கும் உரியதன்றோ?